மின்னஞ்சலும் மெய்ச்சான்றும்

கடிதமொன்று கைக்கு வந்தவுடன் அதனை விடுத்தவர் இன்னார் எனத் துணிதற்கு நாம் பல குறிகளை நோக்குகின்றோம். உறையின்மேல் உள்ள தபால் முத்திரை, தாளின் தலைப்பு, எழுத்தின் சாயல், அடியில் இட்ட ஒப்பம் என்னும் இவற்றுள் ஒன்று மாறுபடினும் ஐயம் பிறக்கின்றது. மின்னஞ்சலிலோ இக்குறிகள் யாவும் வெறும் எழுத்துக்களே. அவ்வெழுத்துக்களை எவரும் எவர் பெயராலும் இடலாம். இங்ஙனமாயின், நாள்தோறும் வந்து குவியும் மடல்களுள் மெய்யானது யாது, பொய்யானது யாது என்பதைப் பெறுவோர் பக்கத்து இயந்திரம் எவ்வாறு தெளிகின்றது? இவ்வினாவை யான் நூலறிவு பற்றி எழுப்பினேனல்லேன். பட்டறிந்த பின்னரே எழுப்பினேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர்ப் பழைய மாணவர் சங்கமொன்றின் கடிதத் தொடர்புகளைக் கவனிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. பல்கலைக்கழகம் புகுந்த வறிய மாணவர் சிலருக்கு விடுதிச் செலவுக்கு உதவும் நிதியொன்றனை அச்சங்கம் நடத்திற்று. அந்நிதிக்காக இலண்டன், ரொறன்ரோ, மெல்பேண் முதலிய நகரங்களில் வாழும் அங்கத்தவர்க்கெல்லாம் தை மாதத்தில் மின்னஞ்சல் விடுத்தோம். பங்குனி கழிந்தும் வந்து சேர்ந்த பணம் மிகச் சிறிது. வெளிநாடு சென்றோர் மனம் மாறிவிட்டனர் என்று செயற்குழுவில் வருந்தினோர் உளர். ஒருவர்மேல் ஒருவர் குறை கூறினோரும் உளர். உதவி பிந்தியமையால் மாணவர் ஒருவர் தாயாரின் சங்கிலியை அடகு வைத்து விடுதிக்குப் பணம் கட்டினார் என்பதைப் பின்னரே அறிந்தோம்.

சித்திரை விடுமுறையில் ஊருக்கு வந்த அங்கத்தவர் ஒருவர், தாம் பணம் அனுப்பிவிட்டதாகவும் அதற்குப் பற்றுச்சீட்டு வரவில்லை என்றும் முறையிட்டார். அவருடைய கைத்தொலைபேசியை வாங்கிப் பார்த்தபோது உண்மை வெளிப்பட்டது. எம்முடைய மூன்று மடல்களும் ஸ்பாம் எனப்படும் குப்பைப் பெட்டியினுள்ளே, பரிசுச் சீட்டு விளம்பரங்களுக்கு நடுவே, திறவாது கிடந்தன. சங்கத்தின் பெயரையும் இலச்சினையையும் தாங்கி, வேறொரு வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்புமாறு கேட்ட பொய் மடலொன்றோ முதற் பெட்டியில் இருந்தது. அவர் பணம் அனுப்பியது அந்தக் கணக்குக்கே. மெய் குப்பைக்கும் பொய் முன்றிலுக்கும் சென்ற இவ்விந்தையை விளங்கிக்கொள்ள யான் செலவிட்ட காலம் சிறிதன்று. அவ்வாறு அறிந்தவற்றை, சங்கம், வணிகம், பாடசாலை ஆகியவற்றின் பெயரால் பலருக்கு மடல் விடுப்போர்க்குப் பயன்படுமாறு ஈண்டு எழுதுகின்றேன்.

ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்கு வலையமைப்பு வழியே முதன்முதல் மடல் விடுத்தவர் றே ரொம்லின்சன் என்னும் அமெரிக்கர். அஃது 1971ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. அக்காலத்து ஆர்ப்பாநெற் வலையமைப்பில் இருந்தோர் ஆராய்ச்சியாளர். பெரும்பாலும் ஒருவரையொருவர் அறிந்தவர். ஆதலின் மடலிலுள்ள பெயர் மெய்யோ பொய்யோ என்று ஐயுறவேண்டிய தேவை அவர்க்கு இருக்கவில்லை. 1982ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் ஜொன் போஸ்ரல் என்பார் வெளியிட்ட ஆர்.எவ்.சி. 821 என்னும் ஆவணம் மடல் கைமாறும் முறையை வகுத்தது. இன்றும் மின்னஞ்சல் அடிப்படையில் அம்முறையிலேயே ஓடுகின்றது. விடுப்பவர் தம்மை யாரென்று கூறினும் அதனை ஏற்றுக்கொள்வது அம்முறையின் இயல்பு. இதனைப் போஸ்ரலின் குறையென்று கூறுதல் நேர்மையன்று; பூட்டில்லாத வீடுகளையுடைய ஊரிலே அவர் வாழ்ந்தார். எனினும், அவ்வூரிற்கூட 1978ஆம் ஆண்டு மே மாதத்திலேயே கணினி விற்பனை அலுவலர் ஒருவர் ஏறத்தாழ நானூறு பேருக்குக் கேளாத விளம்பர மடலொன்றை விடுத்துப் பலருடைய சினத்துக்கு ஆளாயினார் என்பது சரித்திரம்.

இனி, இப்பொருளில் யாவற்றினும் முதன்மையாக அறியவேண்டிய உண்மை ஒன்று உளது. மின்னஞ்சல் ஒவ்வொன்றும் விடுப்பவர் முகவரிகள் இரண்டினை உடையது. கடிதத்துக்கு உறை வேறு, உள்ளிருக்கும் தாள் வேறு அன்றோ? உறையின் பின்புறத்தில் ஒரு முகவரி எழுதப்படுகின்றது. கடிதம் சேராதவிடத்துத் திரும்பவேண்டிய முகவரி அது. தாளின் தலைப்பில் மற்றொரு முகவரி அச்சிடப்படுகின்றது. வாசிப்பவர் காண்பது அதனையே. மின்னஞ்சலிலும் இவ்வாறே. இரு சேவையகங்கள் தம்முள் உரையாடும்போது கூறப்படும் உறை முகவரி ஒன்று. மடலின் தலைப்பிலே திரையில் தோன்றும் முகவரி மற்றொன்று. இவ்விரண்டும் ஒன்றாயிருத்தல் வேண்டும் என்னும் விதி பழைய முறையில் இல்லை. இருத்தல் வேண்டும் என்று வற்புறுத்தலும் எளிதன்று. அச்சகத்தார் எமக்காகச் சுற்றறிக்கை அச்சிட்டுத் தம் உறையிலிட்டுத் தபாலிற் சேர்ப்பது போல, ஒருவருக்காக மற்றொருவர் மடல் விடுப்பது முறையான தொழிலேயாகும். மெய்ச்சான்று நாட்டும் ஏற்பாடுகள் மூன்றும், அவற்றின் குழப்பங்கள் பலவும், இந்த உறை-தாள் வேற்றுமையிலிருந்தே கிளைக்கின்றன.

முதலாவது ஏற்பாடு எஸ்.பி.எவ். எனப்படும். 2006ஆம் ஆண்டில் ஆவணமாக வெளிவந்து 2014ஆம் ஆண்டில் திருத்தப்பெற்ற இது உறையை மட்டும் நோக்குவது. இணையத்தில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஆள்களப் பெயர் ஒன்று உண்டு. அப்பெயர்களின் விவரங்களை உலகம் முழுவதும் பார்க்கத்தக்க பகிரங்கப் பதிவேடு ஒன்றும் உண்டு. அப்பதிவேட்டில் தன் பெயருக்குரிய பக்கத்தில் எழுதும் உரிமை அப்பெயரின் சொந்தக்காரருக்கே உரியது. “என் பெயரால் மடல் விடுக்கும் உரிமை இன்ன இன்ன சேவையகங்களுக்கே உண்டு” என்று அவர் அங்கே ஒரு வரி எழுதிவைக்கின்றார். மடலைப் பெறும் சேவையகம் உறையிலுள்ள பெயரைப் பார்த்து, பதிவேட்டைப் புரட்டி, மடல் கொண்டுவந்த சேவையகம் அப்பட்டியலில் உளதோ இலதோ என்று தீர்மானிக்கின்றது. இஃது எளிது, ஆயின் வழுவுதற்கும் எளிது. ஒரு பெயருக்கு ஒரேயொரு எஸ்.பி.எவ். வரி மாத்திரமே இருத்தல் வேண்டும். எம்முடைய பக்கத்தில் முன்னிருந்தவர் ஒரு வரியும் பின்வந்தவர் மற்றொரு வரியும் எழுதியிருந்தனர். இரண்டு இருந்தால் இரண்டும் நல்லவையே என்று மனிதர் நினைப்பர். விதியின்படி அது பிழை, இரண்டும் பயனற்றுப் போகும். அன்றியும், அவ்வரியைச் சோதிக்கும்போது பிற பெயர்களின் பதிவுகளைத் தேடிச் செல்லும் தேடல்கள் பத்துக்கு மேற்படலாகாது. பல சேவைகளை வாடகைக்கு அமர்த்தும் நிறுவனங்கள் அறியாமலே இவ்வெல்லையைக் கடந்துவிடுகின்றன. மற்றொரு குறையும் உண்டு. பெற்றவர் தம் மடலைத் தாமாகவே வேறொரு பெட்டிக்கு வழிப்படுத்துவாராயின், இரண்டாம் முறை அதனைக் கொண்டுசெல்வது அவருடைய சேவையகம். அஃது எம்முடைய பட்டியலில் இராது.

இரண்டாவதாகிய டீகிம் என்பது உறையை விடுத்து மடலையே பற்றுகின்றது. யாகூ நிறுவனமும் சிஸ்கோ நிறுவனமும் தனித்தனியே வகுத்த முறைகளை இணைத்து 2007ஆம் ஆண்டில் இது வெளியிடப்பட்டது. விடுக்கும் சேவையகம் தன்னிடமுள்ள அந்தரங்கத் திறவுகோலைக்கொண்டு மடலின் உடலையும் தலைப்பின் சில பகுதிகளையும் கணித்து ஓர் ஒப்பம் இடுகின்றது. அதனைச் சரிபார்க்கும் பகிரங்கத் திறவுகோல், முற்கூறிய பதிவேட்டில் அப்பெயருக்குரிய பக்கத்திலே வைக்கப்படுகின்றது. வங்கியை நினைத்துப் பார்க்க. காசோலையில் உள்ள ஒப்பத்தை வங்கியார் எதனோடு ஒப்புநோக்குகின்றனர்? காசோலை கொண்டுவந்தவர் நீட்டும் வேறொரு தாளோடன்று. கணக்குத் திறந்த நாளிலே பெற்றுத் தம்மிடம் வைத்திருக்கும் மாதிரி ஒப்பத்தோடு. டீகிம் முறையின் வலிமையும் இதுவே: சான்று மடலோடு வருவதில்லை, வேறிடத்தில் இருக்கின்றது. ஆயினும் காசோலை ஒப்பத்துக்கும் இதற்கும் பெரியதொரு வேற்றுமை உளது. இவ்வொப்பம் மடலுக்கு மடல் மாறும். ஒப்பமிட்ட பின்னர் மடலில் ஒரு சொல்லை மாற்றினாலும் அது செல்லாததாகும். மடல் வழிப்படுத்தப்பட்டாலும், மாறாதிருப்பின் ஒப்பமும் நிலைக்கும். இவ்வொப்பம் மடலை மறைத்து வைப்பதன்று என்பதையும் குறித்துக்கொள்க. சிலர் இதனை இரகசிய எழுத்தென மயங்குகின்றனர்.

திறவுகோல் எத்துணைப் பெரிதோ அத்துணைக்கே ஒப்பம் உறுதியுடையது. 2011ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்கக் கணித வல்லார் ஒருவருக்குக் கூகிள் நிறுவனத்திலிருந்து வேலைவாய்ப்புப் பற்றிய மின்னஞ்சல் ஒன்று வந்தது. மெய்யோ என ஐயுற்று அதன் டீகிம் ஒப்பத்தை ஆராய்ந்த அவர், திறவுகோல் 512 பிற்று அளவினதே என்று கண்டார். அத்தகைய திறவுகோலை வாடகைக் கணினிகளைக்கொண்டு ஏறத்தாழ 72 மணி நேரத்தில், 75 டொலர்ச் செலவில் உடைத்துவிடலாம் என்பது அவர் கணிப்பு. இது தம்மைச் சோதிக்க வைத்த புதிர் போலும் என்று கருதி, அவ்வாறே உடைத்து, கூகிளை நிறுவிய இருவருள் ஒருவர் மற்றவருக்கு எழுதியது போல ஒரு மடலை விடுத்தார். மறுமொழி வரவில்லை, இரண்டு நாளில் கூகிளின் திறவுகோல் மாத்திரம் 2048 பிற்றுக்கு உயர்ந்துவிட்டது. புதிர் அன்று, கவனக்குறைவே என்பது அதனாற் புலனாயிற்று. 2018ஆம் ஆண்டின் விதிப்படி 1024 பிற்றுக்குக் குறைந்த திறவுகோலால் ஒப்பமிடலாகாது, 2048 வேண்டற்பாலது. அந்நீளமுள்ள திறவுகோல் பதிவேட்டின் ஒரு துண்டில் அடங்கும் 255 எழுத்தெல்லையைக் கடப்பதால், அதனை இரு துண்டாக்கி இடவேண்டும். ஒட்டும்போது ஓரெழுத்து உதிர்ந்து, ஒரு வாரம் காரணந் தேடி அலைந்தவன் என்ற முறையில் இதனைச் சொல்கின்றேன்.

இவ்விரு சான்றும் இருப்பின் யாவும் நிறைவுற்றன என எண்ணுதல் இயல்பே. இங்கேதான் எம்முடைய மடல்களின் இடர் ஒளிந்திருந்தது. நாம் பெருந்தொகை மடல்களை விடுக்கும் வெளிநாட்டுச் சேவையொன்றை அமர்த்தியிருந்தோம். சேராத மடல்களை எண்ணிக்கொள்வதற்காக அவர்கள் உறையிலே தம் ஆள்களப் பெயரை இட்டனர், எஸ்.பி.எவ். சோதனை நடந்தது, அவர்கள் பெயருக்குத் தேறியது. ஒப்பத்தையும் தம் திறவுகோலாலேயே இட்டனர். டீகிம் சோதனை நடந்தது, அதுவும் அவர்கள் பெயருக்கே தேறியது. தாளின் தலைப்பில் மட்டும் எம் சங்கத்தின் பெயர். பெறுகின்ற இயந்திரத்தின் பார்வையில், அறியாத ஊர் நொத்தாரிசு ஒருவர் தம்மைத் தாமே உறுதிப்படுத்தி, எம் பெயரால் ஓர் உறுதி எழுதிக் கொண்டுவந்தது போன்றது இது. நொத்தாரிசு மெய்யானவரே, எமக்கும் அவருக்கும் உள்ள தொடர்புக்குச் சான்று யாது?

அத்தொடர்பைக் கேட்பதே மூன்றாவதாகிய டீமார்க். கூகிள், யாகூ, மைக்ரோசொவ்ற், பேபால் முதலிய நிறுவனங்கள் கூடி 2012ஆம் ஆண்டு தை மாதத்தில் இதனை அறிவித்தன. 2015ஆம் ஆண்டில் ஆவணமாக வெளிவந்தது. வாசிப்பவர் காணும் தலைப்பு முகவரியின் ஆள்களப் பெயரும், எஸ்.பி.எவ். முறையாலோ டீகிம் முறையாலோ தேறிய பெயரும் ஒன்றாதல் வேண்டும் என்பது இதன் நியதி. இரண்டுள் ஒன்று பொருந்தினும் போதும். ஆகவே சேவையாளரிடம் நாம் கேட்கவேண்டியது, “உம்மிடம் டீகிம் உண்டோ” என்பதன்று. “எம் பெயரால் ஒப்பமிடுவீரோ” என்பதே. பெரும்பாலான சேவைகள் இதற்கு இணங்கும். அவர்கள் தரும் ஓரிரு வரிகளை எம் பதிவேட்டுப் பக்கத்தில் இட்டால் அது கைகூடும். சொந்த ஆள்களப் பெயர் இன்றி, இலவச ஜீமெயில் அல்லது யாகூ முகவரியைத் தலைப்பில் இட்டு இத்தகைய சேவை வழியே சுற்றறிக்கை விடுக்கும் சிறு வணிகரும் சங்கத்தாரும் இப்பொருத்தத்தை ஒருகாலும் பெறார். அப்பெயர்களின் பதிவேடு அவர்கள் கையில் இல்லை.

பொருந்தாத மடலை என்செய்வது என்பதையும் சொந்தக்காரரே டீமார்க் வரியில் கட்டளையிடலாம். ஒன்றுஞ் செய்யற்க, ஒதுக்கி வைக்க, மறுத்துவிடுக எனக் கட்டளை மூவகைப்படும். முதலாம் வகை பயனற்றதெனத் தோன்றினும் தொடங்கவேண்டியது அங்கேதான். ஏனெனில், அவ்வரியில் ஒரு முகவரியைக் குறித்துவைப்பின், உலகிலுள்ள பெரிய அஞ்சற் சேவைகள் நாள்தோறும் அறிக்கை விடுக்கின்றன: உம் பெயரால் இன்ன இன்ன இடத்திலிருந்து இத்தனை மடல் வந்தன, இவை தேறின, இவை தேறவில்லை என்று. அறிக்கைகள் இயந்திர நடையில் உள்ளமையால் வாசிக்க இனியவையல்ல. எனினும் எமக்கு அவை நல்லாசான் ஆயின. எம் பெயரால் மடல் விடுத்துக்கொண்டிருந்த, எவரும் நினைவில் வைத்திராத, நூல் நிலையத்து நினைவூட்டுக் கணினியொன்று அவற்றினால் வெளிப்பட்டது. அதனை ஒழுங்குபடுத்தாமல் “மறுத்துவிடுக” என்று எழுதியிருப்போமாயின் எம் கையாலேயே எம் மடலைத் தடுத்திருப்போம். அவசரத்தின் விளைவைப் பேருலகமும் கண்டது. 2014ஆம் ஆண்டு சித்திரையில் யாகூ நிறுவனம் தன் பெயருக்கு மறுப்புக் கட்டளை இட்டபோது, உறுப்பினர் மடலை வாங்கி அடிக்குறிப்புச் சேர்த்து மற்றையோர்க்கு அனுப்பும் குழுமங்கள் பலவற்றில் யாகூ உறுப்பினர் எழுதியவை திரும்பி வந்தன. அடிக்குறிப்புச் சேர்ந்ததால் ஒப்பம் கெட்டது, உறையோ குழுமத்துக்குரியது. இங்ஙனம் இரண்டு பொருத்தமும் இழந்தன. மறுபுறத்தில், அமெரிக்க அரசு 2017ஆம் ஆண்டு ஐப்பசியில் தன் நிருவாகத் திணைக்களங்கள் ஓராண்டுக்குள் மறுப்புக் கட்டளைக்கு வரவேண்டும் என்று பணித்தது.

நெடுங்காலம் இவை விரும்பினோர் செய்யும் காரியங்களாக இருந்தன. 2023ஆம் ஆண்டு ஒக்ரோபரில் கூகிளும் யாகூவும் அறிவித்து 2024 பெப்ரவரியில் நடைமுறைக்குக் கொணர்ந்த விதிகள் அந்நிலையை மாற்றின. ஜீமெயில் பெட்டிகளுக்கு மடல் விடுப்போர் யாவரும் எஸ்.பி.எவ்., டீகிம் என்பவற்றுள் ஒன்றையேனும் உடையராதல் வேண்டும். நாளொன்றுக்கு ஏறத்தாழ 5000 மடலோ அதற்கு மேலோ விடுப்போர்க்கு இரண்டும், அவற்றோடு டீமார்க்கும், தலைப்புப் பெயர்ப் பொருத்தமும் வேண்டும். விளம்பர மடலாயின், இனி வேண்டா என்போர் ஒரே சொடுக்கில் விலக வழி வைத்து, இரண்டு நாளுக்குள் அவர் பெயரை நீக்கவும் வேண்டும். பெறுவோர் குப்பையென்று முறையிடும் வீதம் 0.1 சதவீதத்துக்குக் கீழ் இருத்தல் நன்று, 0.3 சதவீதத்தை எட்டலாகாது. மைக்ரோசொவ்ற் நிறுவனமும் 2025 மே மாதத்தில் இதனையொத்த சான்று விதிகளை விதித்தது.

இவ்விறுதி விதியை நோக்குவார்க்கு ஓர் உண்மை புலப்படும். மெய்ச்சான்று என்பது விடுத்தவர் பெயரை உறுதிப்படுத்துவது. அவருடைய மடல் வேண்டப்படுவது என்பதை அஃது உறுதிப்படுத்தாது. மூன்று சான்றும் வழுவாது பெற்ற விளம்பர மடல் குப்பைக்குச் செல்லலாம். சான்றின் பயன், அதன் பெயருக்குச் சேரும் நற்பெயரும் கெடுபெயரும் பிறருக்குப் போகாது அதனையே சேர்வதுதான். முகவரிப் பட்டியலை விலைக்கு வாங்கி மடல் விடுக்கும் வணிகருக்குச் சான்று தேடித்தருவது அவர் கெடுபெயரையே. எம்முடைய பட்டியலும் இவ்வகையில் குற்றமற்றதன்று. பதினைந்தாண்டாகத் திருத்தாத அதிலே கைவிடப்பட்ட முகவரிகள் பல இருந்தன. மறைந்தோர் பெயர்களும் இருந்தன.

பெயர் மெய்யாயினும் பொருள் பொய்யாகலாம் என்பதற்கு 2021ஆம் ஆண்டு நவம்பரில் நடந்தது தக்க சான்று. அமெரிக்காவின் எவ்.பீ.ஐ. நடத்தும் இணையவாயில் ஒன்றின் அமைப்புக் குறைபாட்டைப் பற்றிக்கொண்ட ஒருவர், நிகழாத இணையத் தாக்குதலைப் பற்றிய பொய் எச்சரிக்கைகளை அந்நிறுவனத்தின் சேவையகத்திலிருந்தே பல்லாயிரம் பேருக்கு விடுத்தார். மடல் வந்த இடம் மெய்; மடலிலே சொன்னது பொய். இயந்திரம் முன்னதை மட்டுமே சோதிக்கவல்லது.

எம் சங்கத்தின் செய்திக்கு மீள்வாம். இரண்டு எஸ்.பி.எவ். வரிகளையும் ஒன்றாக்கினோம். சேவையாளரைக்கொண்டு எம் பெயரால் ஒப்பமிடுவித்தோம். இரண்டு மாதம் அறிக்கைகளை வாசித்த பின்னர் ஒதுக்குக் கட்டளையும், பின்னர் மறுப்புக் கட்டளையும் இட்டோம். பட்டியலிலுள்ள ஒவ்வொருவரும் இருக்கின்றனரோ, மடல் பெற விரும்புகின்றனரோ என்று ஆண்டுக் குழுக்களின் வாயிலாக வினவித் திருத்தியதே யாவற்றினும் நீண்ட வேலை. மறு தை மாதத்து வேண்டுகோளுக்கு முதல் வாரத்திலேயே மறுமொழிகள் வரலாயின. அவ்வாண்டு உதவிப் பணம் தவணை தொடங்குமுன் மாணவர் கைக்குச் சேர்ந்தது.

பொய் மடலின் செய்தி வேறு. அது எம்முடைய ஆள்களப் பெயரைத் தொட்டதேயில்லை. எவரோ ஒருவர் இலவச முகவரியொன்றைப் பெற்று, முகவரிக்கு முன்னே தோன்றும் பெயரிடத்தில் எம் சங்கத்தின் பெயரை எழுதியிருந்தார். இலவச அஞ்சற் சேவையின் எஸ்.பி.எவ்., டீகிம், டீமார்க் யாவும் அம்மடலுக்கு முறையாகத் தேறின. அது உண்மையாகவே அம்முகவரியிலிருந்து வந்ததன்றோ! கைத்தொலைபேசியின் சிறு திரை பெயரை மட்டும் காட்டி முகவரியை மறைத்துவிட்டது. இதனைத் தடுக்கும் வரி எதனையும் எம் பதிவேட்டில் எழுத முடியாது. இழந்த பணமும் மீளவில்லை. ஆதலால் சங்கத்தின் கணக்கிலக்கத்தை ஆண்டறிக்கையில் அச்சிட்டு, அது மாறுமாயின் மின்னஞ்சலில் அறிவிக்கப்படமாட்டாது என்பதையும் அதன் கீழே அச்சிட்டோம். பணம் அனுப்புமுன் பொருளாளருடன் தொலைபேசியிற் பேசுமாறும் கேட்டுக்கொண்டோம். அந்த அங்கத்தவர் இப்பொழுது ஆண்டுதோறும் பேசுகின்றார். பேச்சு அரைமணி நேரம் நீள்கின்றதென்று பொருளாளர் குறைப்பட்டுக்கொள்கின்றார்.